பரண்ல இருந்த ராஃப்ட் பிசுபிசுன்னு ஒட்டுது, அவசர உதவி

தக்கைமீன்:
நண்பர்களே, தூண்டில் போடப் போற ராஃப்டை, அதாவது காத்தடிக்கிற படகை, நாலு மாசம் கழிச்சு இப்பதான் இறக்கினேன். அடிப்பக்கம் பிசுபிசுங்குது, மடிச்ச இடத்துல வெள்ளைக் கோடு, புழுங்கின வாடை. கழுவித்தான் வெச்சேன். நாளன்னைக்கு தண்ணில இறக்கணும். எதை வெச்சுத் துடைக்கிறது?

மிதவை:
துணி பி.வி.சி. பிளாஸ்டிக்கா, ஹைபலான் ரப்பரா? தளம் பலகையா, காத்தடிக்கிறதா? கழுவினீங்க சரி, காயவெச்சீங்களா?

ஒட்டுப்பசை:
வாடைன்னாலே ஈரம்தான். டியூபும் தளமும் சேர்ற சந்துல தண்ணி நிக்கும், மேலே தடவிப் பார்த்தா தெரியாது. முழுசாக் காத்தடிச்சு, செங்குத்தா சாய்ச்சு, சந்துக்குள்ள துணி விட்டுத் துடைங்க. ஒரு நாள் நிழல்ல நிக்கட்டும். அப்புறம் காத்தைப் பாதி குறைச்சா சந்து விரியும், மிச்ச ஈரம் அப்பத்தான் வெளியே வரும். பூஞ்சைக்கு ஒரு பங்கு வினிகர், நாலு பங்கு தண்ணி. கால் மணி நேரம் ஊறவிட்டு அலசுங்க. பிளீச் வேண்டாம்.

பழையதுடுப்பு:
இதே கேள்விக்கு 100 தடவை பதில் சொல்லியாச்சு. தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. தம்பி, ராஃப்டை மடிக்கவே கூடாது. காற்றோடு சுவரில் சாய்த்து வைக்க வேண்டும். இடம் இல்லாதவர்கள் ராஃப்ட் வாங்கக் கூடாது.

சுருள்வால்வு:
அண்ணே, காத்தோட வைக்கலாம், ஆனா முழு அழுத்தத்துல இல்ல. 30 டிகிரில 2.5 பி.எஸ்.ஐ. (காத்தழுத்த அளவு) அடிச்சது 40 டிகிரி ஆனா 3.1 ஆயிடும். மாடி ரூம்ல மதியம் அதுக்கு மேலயும் ஏறும், ஒட்டின இணைப்புதான் தாங்கணும். வடிவம் நிக்கிற அளவுக்குக் காத்து இருந்தாப் போதும்.

பழையதுடுப்பு:
ஹைபலானுக்கு அந்தக் கவலையே இல்லை.

சுருள்வால்வு:
துணி எதுவானாலும் உள்ளே இருக்கிறது காத்துதானே? அப்புறம், ஹைபலான் தயாரிப்பை டூபான்ட் 2010லயே நிறுத்தியாச்சு. இப்ப வர்றது மத்தவங்க செய்யிற அதே வகை ரப்பர், பேரு சி.எஸ்.எம்.

பழையதுடுப்பு:
பெயர் மாறினால் பொருள் மாறிவிடாது.

மிதவை:
சண்டையைத் தனியா வெச்சுக்கோங்க. கேட்டவர் எங்கே?

தக்கைமீன்:
மன்னிக்கணும். பி.வி.சி.தான். தளமும் காத்துத்தான். ஈரம் ஏற வாய்ப்பே இல்ல, அடியில தெர்மாகோல் ஷீட் போட்டுத்தான் வெச்சேன்.

மிதவை:
இதை முதல்லயே சொல்லக் கூடாதா! பி.வி.சி.யை இளக்கமா வெச்சிருக்கிற எண்ணெய் மாதிரிப் பொருள் தெர்மாகோலுக்குள்ள இறங்கி அதைக் கரைச்சிடும். ஷீட்டைப் பாருங்க, குழி விழுந்திருக்கும்.

தக்கைமீன்:
ஆமா, குழி. வெள்ளைத் துணுக்கும் ஒட்டியிருக்கு.

மிதவை:
துணுக்கை மரக்கரண்டியால சுரண்டுங்க, கத்தி வேண்டாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணி. அதுக்கும் போகலைன்னா ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில நனைச்சு, உள்ளங்கை அளவு இடமாத் துடைங்க. பசை போட்ட மடிப்போரத்துல படாம. அசிட்டோன், தின்னர், பெட்ரோல் கிட்டவே வேண்டாம். வெள்ளைக் கோட்டை ஈரத்துணியால தேய்ங்க. போயிட்டா உப்பு. போகாம நூல் தெரிஞ்சா அங்கே ஒட்டுப் போடணும். இறக்குறதுக்கு முன்னாடி, வால்வுல எழுதியிருக்கிற அழுத்தத்துக்கு அடிச்சு, சோப்பு நுரை தடவி, ராத்திரி முழுக்க நிழல்ல விட்டுப் பாருங்க.

ஒட்டுப்பசை:
இனிமே வைக்கும்போது தளர்வாச் சுருட்டுங்க, மடிப்பு ஒரே கோட்டுல திரும்பத் திரும்ப விழக் கூடாது. காத்துத் தளத்தைக் கழட்ட முடிஞ்சா தனியாச் சுருட்டுங்க. அடியில பருத்தித் துணி. டால்க் பவுடர் லேசாத் தூவலாம், வால்வுல படாம.

சுருள்வால்வு:
சோளமாவு தூவச் சொல்லுவாங்க, கேக்காதீங்க, பூச்சிக்கு விருந்து. நாப்தலீன் உருண்டையும் பி.வி.சி.யை இளக்கிடும். மீன் வாடை இருந்தா எலி கடிக்கும், செதிலும் சளியும் போகத் தேய்ங்க. சுருட்டுறதுக்கு முன்னாடி தூண்டில் முள் ஏதாவது கிடக்குதான்னு தடவிப் பாருங்க.

பழையதுடுப்பு:
சுவரில் சாய்த்திருந்தால் இவ்வளவு பேச்சே இல்லை.

தக்கைமீன்:
சோப்புத் தண்ணிலயே முக்காவாசி போயிடுச்சு. கோடு உப்புதான். வால்வு ஓரத்துல மட்டும் குமிழி வருது.

மிதவை:
ஒட்டுப் போட ஓடாதீங்க. வால்வுச் சாவியால கால் திருப்பு இறுக்கி, மறுபடி நுரை வெச்சுப் பாருங்க.