கோழிக்கூட்டின் தானியங்கிக் கதவு இரவு பத்து மணிக்குத் திறந்துகொள்கிறது – உதவி தேவை

கேள்வி

தாராபுரம் பக்கம் தோட்டத்தில் 22 சிறுவிடைக் கோழிகள் வைத்திருக்கிறேன். மாலையில் கூட்டை அடைக்க யாராவது ஒருவர் இருந்தே தீரவேண்டும் என்பது பெரும்பாடாகிவிட்டதால் நானே ஒரு கதவு செய்தேன். ஒரு அடி அகலம், ஒன்றேகால் அடி உயரத்தில் அலுமினியத் தகடு. இரு பக்கமும் அலுமினியக் காடியில் ஏறி இறங்கும். மேலே 12 வோல்ட் கியர் மோட்டார், நிமிடத்துக்கு 30 சுற்று. அதன் தண்டில் மாட்டிய உருளையில் நைலான் கயிறு சுற்றிக்கொள்ளும். நிரல் எழுதி ஓட்ட ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகை, மோட்டாரை இருபக்கமும் சுழற்ற இரண்டு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்), வெளிச்சம் பார்க்க ஒரு எல்டிஆர், பழைய யுபிஎஸ் பேட்டரி. எல்டிஆர் காட்டும் அளவு 300க்குக் கீழே போனால் 8 நொடி இறக்கு, மேலே போனால் 8 நொடி ஏற்று. நிரல் அவ்வளவுதான்.

மாலையில் ஒழுங்காக மூடுகிறது. விடியற்காலை ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தாலும் மூடியேதான் இருக்கிறது. ஆனால் உள்ளே இறகு சிதறிக் கிடக்கிறது, ஒரு கோழி குறைகிறது. கூரையில் ஓட்டையா, வலையில் கிழிசலா என்று இரண்டு நாள் தேடினேன். மூன்றாவது கோழி போன பிறகு திண்ணையிலேயே உட்கார்ந்து விழித்திருந்தேன். பத்து மணிக்கு மோட்டார் உறுமியது, கதவு மேலே போனது! பின்னிரவில் தானாகவே இறங்கியும் விட்டது. ஒரு வாரம் தினமும் இப்படி நடக்கிறது. அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை. எங்கே தவறு?

பதில் 1

முதலில் அந்த 8 நொடிக் கணக்கை விடுங்கள். ஏறும்போது மோட்டார் எடையை இழுத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றும், இறங்கும்போது வேகமாகச் சுற்றும். ஒவ்வொரு நாளும் கால் சுற்று பிசகினாலும் மாதக் கடைசியில் கயிறு முழுவதும் அவிழ்ந்து, உருளையில் எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பிக்கும். அப்போது ‘இறக்கு’ என்றால் கதவு ஏறும். என் கூட்டில் இதே கூத்து நடந்தது. கோழிகள் கழுத்தைச் சாய்த்து வேடிக்கை பார்த்தன. மேலே ஒன்று, கீழே ஒன்று லிமிட் ஸ்விட்ச் வையுங்கள், கதவு வந்து இடித்ததும் மோட்டாரை நிறுத்திவிடும். தூசி அதிகமென்றால் காந்தம் பக்கத்தில் வந்தாலே வேலை செய்யும் ரீட் ஸ்விட்ச், கதவில் ஒரு சிறு காந்தம்.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணா, ஸ்விட்ச் வைத்துவிடுகிறேன். ஆனால் மூடும்போது எந்தத் தகராறும் இல்லை. மூடி மூன்று மணி நேரம் கழித்தல்லவா திறக்கிறது?

பதில் 2

தம்பி, பஞ்சாரத்தில் கவிழ்த்த காலத்தில் இந்தத் தலைவலியெல்லாம் இல்லை. அது கிடக்கட்டும். ஒரு வாரம் உண்டு, ஒரு வாரம் இல்லை என்கிறீர்களே, உங்கள் ஊரில் வாரம் மாறி வருவது எது? எங்கள் பக்கம் கிணற்று மோட்டாருக்கு வரும் மும்முனை மின்சாரம்தான் ஒரு வாரம் பகலில், ஒரு வாரம் இரவில் என்று மாறி வரும். கரண்ட் வந்தது தெரிவதற்காக மோட்டார் ரூம் வாசலில் பல்பு மாட்டியிருப்பார்கள். கூட்டுக்கு எதிரில் அப்படி ஏதாவது எரிகிறதா? பத்து மணிக்கு எல்டிஆர் இருக்கும் இடத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

அக்கா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். நேற்று இரவு கூட்டுச் சுவரில் கன்னத்தை ஒட்டி வைத்துப் பார்த்தேன். பங்காளி வீட்டு மோட்டார் ரூம் பல்பு, பதினைந்தடி தூரத்தில், நேராக என் கண்ணில் அடிக்கிறது. கரண்ட் வந்தால் கதவு திறக்கிறது, போனால் மூடுகிறது. காட்டுப்பூனை வேலையை முடித்துக்கொண்டு போன பிறகு நானே கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன்! எல்டிஆர் மேல் கறுப்பு நாடா ஒட்டினேன். இரவு முழுக்கக் கதவு அசையவில்லை. இப்போது அதை வேறு பக்கம் திருப்பினால் போதுமா?

பதில் 3

திருப்பினால் அடுத்து வேறொரு விளக்கு வரும், இல்லையென்றால் மழை இருட்டில் நான்கு மணிக்கே மூடிக்கொண்டு பாதிக் கோழி வெளியே நிற்கும். எல்டிஆர்தான் வேண்டும் என்றால், மூட 150, திறக்க 500 என்று இரண்டு அளவு வைத்து, அந்த நிலை பத்து நிமிடம் நீடித்தால் மட்டும் மோட்டார் ஓடும்படி எழுதுங்கள். ஒரே 300ஐ வைத்தால் அந்தி நேரத்தில் ரிலே படபடவென்று அடித்துக்கொள்ளும். இதையெல்லாம் செய்தாலும் அந்தப் பல்பு நேராக அடித்தால் ஏமாந்துதான் போகும்.

என்னைக் கேட்டால் கடிகாரமே போதும். குளிர்நாடுகளில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் சூரியன் மறையும் நேரம் பல மணி மாறுவதால் அங்கே எல்டிஆர் வைக்கிறார்கள். உங்கள் ஊரில் ஜூலையில் 6.50ஐ ஒட்டி மறைகிறது, நவம்பரில் 6 மணிக்குச் சற்று முன். மொத்த வித்தியாசமே ஒரு மணி நேரம்தான். டிஎஸ்3231 கடிகாரப் பலகை ஒன்று வாங்கி, மாதத்துக்கு ஒரு நேரம் என்று பன்னிரண்டு எண்களை நிரலில் எழுதுங்கள். வருடத்துக்கு ஒரு நிமிடம் போலத்தான் பிசகும். மலிவுப் பலகை என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: அதில் பட்டன் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் வழி இருக்கும், நாம் போடும் 2032 சார்ஜ் ஏற்றக்கூடாத பேட்டரி. கண்ணாடி டயோடுக்குப் பக்கத்திலுள்ள 200 ஓம் ரெசிஸ்டரைச் சூடுவைத்துக் கழற்றிவிடுங்கள், சார்ஜ் ஏறுவது நின்றுவிடும்.

பதில் 2

நேரம் வைக்கும்போது சூரியன் மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடமாவது விடுங்கள் தம்பி. எல்லாக் கோழியும் ஒன்றாக அடையாது. கடைசி வரை குப்பையைக் கிளறிக்கொண்டிருப்பது ஒன்று எந்தக் கூட்டிலும் உண்டு.

கேள்வி கேட்டவர்

கடிகாரப் பலகையும் இரண்டு ரீட் ஸ்விட்சும் மாட்டிவிட்டேன். செப்டம்பருக்கு 6.50 என்று வைத்தேன். நான்கு நாளாக இரவில் கதவு அசையவில்லை, எண்ணிக்கையும் 19 அப்படியே இருக்கிறது. அக்கா சொன்ன கோழி எங்கள் கூட்டிலும் இருக்கிறது. நேற்று 6.55க்கு வந்து, மூடிய தகட்டை டொக்கு டொக்கென்று கொத்திக்கொண்டு நின்றது. இன்று 7 மணி ஆக்கியிருக்கிறேன்.