காரணியும் மடங்கும் போட்டுக் குழப்பிக்கிறான், விளையாட்டா சொல்லிக் குடுக்க வழி இருக்கா?

கேள்வி:
பையன் ஆறாவது. வாய்ப்பாடெல்லாம் கடகடன்னு ஒப்பிப்பான், ஆனா 12-க்குக் காரணி எழுதுடான்னா 24, 36ன்னு மடங்கை எழுதி வைக்கிறான். 3-ஆல வகுபடுமான்னு பார்க்க இலக்கத்தைக் கூட்டணும்னு மனப்பாடம் பண்ணிட்டு, 4-க்கும் அதையே போட்டு 2+2=4, அதனால 22 வகுபடும்ங்கிறான். திட்டித் திட்டி இப்போ நோட்டை எடுத்தாலே அவன் முகம் வாடிப் போகுது, எனக்கு மனசே கேக்கல.

பதில் 1:
நோட்டை ஒரு வாரம் மூடி வைங்க அக்கா. 12 புளியங்கொட்டையைக் குடுத்து, எல்லா வரிசையிலயும் சமமா வர்ற மாதிரி அடுக்கச் சொல்லுங்க. 3 வரிசைன்னா நாலு நாலு, 2 வரிசைன்னா ஆறாறு, 5 வரிசை போட்டா ரெண்டு மிச்சம் நிக்கும். மிச்சமில்லாம அடுக்க முடிஞ்ச எண்ணெல்லாம் காரணி, அவ்ளோதான். என் பொண்ணுக்கு 13 குடுத்தேன், எப்படி அடுக்கியும் வராம ஒண்ணு தொலைஞ்சு போச்சுன்னு பாயைத் தூக்கித் தேடினா. பகா எண்ணுன்னா என்னன்னு நான் தனியா சொல்லவே இல்ல.

பதில் 2:
அது புரிஞ்சதும் இதை விளையாடுங்க. 1-லேர்ந்து 40 வரைக்கும் எழுதிக்கங்க, முதல் ஆள் ஏதாவது ஒரு இரட்டைப்படை எண்ணை அடிக்கணும், அடுத்தவர் அதோட காரணியையோ மடங்கையோ அடிக்கணும், அப்புறம் இவர் அடிச்சதுக்கு அவர், இப்படியே போகும், ஒருதடவை அடிச்சதை மறுபடி தொடக்கூடாது, அடிக்க எண் இல்லாம மாட்டுறவர் அவுட். ஒவ்வொரு தடவையும் இது காரணியா மடங்கான்னு வாயால சொல்லணும், அதை மட்டும் விட்டுடாதீங்க, குழப்பம் தீர்றதே அங்கதான்.

பதில் 3:
3-க்கு ஏன் கூட்டுறோம்னு காரணம் தெரியாததாலதான் அதை 4-க்கும் போடுறான், பாவம். வீட்ல விளையாட்டு ரூபாய் நோட்டு இருந்தா எடுங்க. ஒரு 10 ரூபாயை 3 பேருக்குப் பிரிச்சா 1 மிச்சம், 100 ரூபாய்க்கும் 1தான் மிச்சம். அப்போ 252-ல ரெண்டு நூறுக்கு 2, அஞ்சு பத்துக்கு 5, சில்லறை 2, மொத்தம் 9, அதை மூணு பேருக்குப் பிரிச்சிடலாம். 4 பேருக்குன்னா நூறு ரூபாய் ஆளுக்கு 25ன்னு சுத்தமா போயிடும், அதனாலதான் கடைசி ரெண்டு இலக்கம் மட்டும் பார்த்தா போதும்.

கேள்வி கேட்டவர்:
மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி அவங்க அப்பாவோட அந்த 1-லேர்ந்து 40 வரைக்கும் அடிக்கிற ஆட்டம் ஆடினான். அப்பா 1-ஐ அடிச்சாரு, இவன் கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துட்டு 37-ஐ அடிச்சான். 74 இதுல இல்லப்பா, 1-ம் போயிடுச்சுன்னு அவனே சொல்றான்! இப்போ 36 கொட்டை எண்ணி வச்சிருக்கான், சதுரமா வருதாம்.