மறு: கலைச்சொல் தேவை – பிரசவ நேரத்தில் தலை பார்க்கும் அல்ட்ராசவுண்டு

> "மகப்பேற்றிடைத் தலைநிலை மீயொலி வரைவியல்" என வைக்கலாம்.

ஐயா, வணக்கம்.

'மீயொலி'யில் (அல்ட்ராசவுண்டு) எனக்கு ஆட்சேபமில்லை. இடிப்பது 'நிலை'தான். லேபர் வார்டில் பொசிஷன் (பிடரி எந்தப் பக்கம்) வேறு, ஸ்டேஷன் (தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது) வேறு, பிரசன்டேஷன் (தலையா பிட்டமா, எது முதலில் வருகிறது) வேறு. நம் பட்டியலில் மூன்றுக்கும் 'நிலை' என்றே விழுந்திருக்கிறது. "தலைநிலை மாறவில்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு ஒருவர் டியூட்டி முடித்துப் போனால், அடுத்து வருபவர் என்ன புரிந்துகொள்வார்? தலை இறங்கவில்லையா, திரும்பவில்லையா?

ஸ்கேனே இந்த இரண்டையும் இரண்டு இடத்தில் வைத்துத்தான் பார்க்கிறது. பிடரி எந்தப் பக்கம் என்று தெரிய, புரோபை (ஸ்கேன் கருவியில் உடம்பில் வைக்கும் முனை) அடிவயிற்றில் குறுக்காக வைக்கிறோம். குழந்தையின் கண்குழிகள் இரண்டும் புரோபைப் பார்த்தபடி தெரிந்தால், பிடரி தாயின் முதுகுப் பக்கம். தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிய, புரோபுக்கு உறை மாட்டிக் கீழே, பிறப்புவாயில் நெடுக்காக வைக்க வேண்டும். முன்பக்க இடுப்பெலும்பு மூட்டின் நீளவாக்கில் ஒரு கோடு. அதன் கீழ்முனையிலிருந்து மண்டையோட்டின் வளைவைத் தொட்டுக்கொண்டு போகும்படி இன்னொரு கோடு. இடையிலுள்ள கோணம் விரிய விரியத் தலை இறங்குகிறது என்று பொருள். ஏறக்குறைய 116 பாகை என்றால் நாம் கைவைத்துப் பார்த்துச் சொல்லும் 'ஜீரோ ஸ்டேஷன்', அதாவது தலை இடுப்பெலும்பு வழியில் பாதி தூரம் வந்துவிட்டது. 120-ஐத் தாண்டினால் கீழ்வழியாகவே பிறக்க வாய்ப்பு அதிகம்.

கை இருக்க ஸ்கேன் எதற்கு என்று சென்ற மடலில் ஒருவர் கேட்டிருந்தார். வலி நீண்டுபோனால் குழந்தையின் உச்சந்தலையில் நீர் கோத்து வீங்கிவிடும். உச்சிக்குழியும் தையல்கோடும் விரலுக்குப் பிடிபடாது. அயர்லாந்தில் நடந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆயுதம் (தலையைப் பிடித்து இழுக்கும் வாக்குவம் அல்லது ஃபோர்செப்ஸ்) போடுமுன் கையால் மட்டும் பார்த்தபோது 20.2 சதவீதப் பெண்களிடம் தலையின் பக்கம் தவறாகக் கணிக்கப்பட்டது. ஸ்கேனும் சேர்த்துப் பார்த்தபோது 1.6 சதவீதம். ஆனால் தாய்க்கும் சேய்க்கும் வரும் பாதிப்பு அதனால் குறைந்ததாக அந்த ஆய்வு காட்டவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். 2018-இல் வந்த பன்னாட்டு வழிகாட்டியும் வந்தவர்களுக்கெல்லாம் இதைப் போடச் சொல்லவில்லை. பிரசவம் முன்னேறாமல் நின்றாலோ, வாக்குவமோ ஃபோர்செப்ஸோ போடுமுன்னோ பார்க்கலாம் என்கிறது.

ஆகவே பொசிஷனுக்குப் பிடரி நோக்கு (முன்னோக்கு, பின்னோக்கு, பக்கநோக்கு). ஸ்டேஷனுக்குத் தலை இறக்கம், அந்தக் கோணத்துக்கு இறக்கக் கோணம். "தல எறங்கிடுச்சாம்மா?" என்று ஆயா கேட்பது இதைத்தான். பின்னோக்குக்கு 'மல்லாந்த தலை' என்ற பரிந்துரை அழகுதான். ஆனால் தாய் ஒருக்களித்துப் படுத்தாலோ எழுந்து நடந்தாலோ குழந்தை மல்லாந்திருக்காதே!

இன்னொன்று. தருமபுரியில் 'ஸ்கேன்' என்ற சொல்லுக்கு ஒரு கறை உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் நீட்டிக்கப்பட்ட மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. பாலினம் பார்த்துச் சொல்வது 1994 சட்டப்படி குற்றம் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தும், மெஷினை உருட்டிக்கொண்டு போனால் வாசலில் நிற்கும் மாமியார் முதலில் கேட்பது "என்ன கொழந்தைன்னு தெரியுமா?" என்றுதான். எனவே மக்களிடம் சொல்லும்போது 'தலை பார்க்கிற ஸ்கேன்' என்று தலையை முன்னால் வைத்தே சொல்வோம். 'வரைவியல்' வேண்டாம்.

– தருமபுரியிலிருந்து

---

டாக்டரம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் கிருஷ்ணகிரியில் பிசியோதெரபி பார்க்கிறவன். மேலே ஒரு நண்பர் 'வலிநேர மீயொலி' என்று சுருக்கினார். மூட்டுவலிக்கு நாங்கள் வைப்பதும் அல்ட்ராசவுண்டுதான். இந்தப் பெயரைப் பார்த்தால் முழங்கால் வலிக்காரர்கள் லேபர் வார்டு வாசலில் வரிசை கட்டுவார்கள்.

'பேறுகாலம்' என்றால் பேறுகால விடுப்பு மாதிரி மாதக்கணக்கில் நீள்கிறது. பேசாமல் பிரசவநேர மீயொலி என்றே வையுங்கள். வடசொல் என்று ஐயா முகம் சுளிக்கலாம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற தாய்மாருக்குப் 'பிரசவம்' பழகிய சொல், 'பேறு' அப்படியில்லை. படிவத்தில் கையெழுத்துப் போடுவது அவர்கள்.

---

> தலை இறக்கம்

முகம் சுளிக்கவில்லை தம்பி, பிரசவம் இருக்கட்டும். ஆனால் அம்மா, 'இறக்கம்' நகர்வையும் குறிக்கும், நின்ற இடத்தையும் குறிக்கும். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்பதற்கு என்ன எழுதுவீர்கள்?

---

அதற்கு 'இறக்கம்' இருக்கட்டும், ஐயா. ஸ்டேஷனைத் தலை மட்டம் ஆக்கிவிடலாம்: மட்டம் 0, அதற்கும் கீழே இறங்கினால் மட்டம் +2. கொத்தனார் சொல்தான், வார்டில் எல்லாருக்கும் தெரியும். கோணத்தின் பெயரில் மாற்றமில்லை. பிரசன்டேஷன் பாக்கி. அதற்குத் தனி மடல் போடுகிறேன். தலை, பிட்டம், தோள் மூன்றையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.