ஈறு ஒட்டு ஆபரேஷன்: ஈறு வலிக்கவில்லை, அண்ணம்தான் வலித்தது

கீழ் முன்பல் இரண்டில் ஈறு இறங்கி வேர் வெளியே தெரிய ஆரம்பித்துப் பல வருஷம். யாரையும் குறை சொல்ல முடியாது, கடினமான பிரஷ்ஷை வைத்துக் கரி பிடித்த பாத்திரம் விளக்குவது போல இடவலமாகத் தேய்த்தது நான்தான். மோர் குடித்தாலே கூசும். கடைசியில் ஈறு டாக்டர், மேல் அண்ணத்திலிருந்து ஒரு துண்டு எடுத்து அங்கே வைத்துத் தைக்க வேண்டும் என்றார். "ஒன்றரை மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது சார், பயப்படாதீங்க" என்று சிரித்தார். அந்த ஒன்றரை மில்லிமீட்டரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அண்ணத்தில் மரத்துப்போக ஊசி போட்ட அரை நிமிஷத்தைத் தவிர ஆபரேஷனில் ஒன்றும் தெரியவில்லை. முட்டாள்தனம் அதற்கப்புறம். மரப்பு விடும் முன்பே மாத்திரை போடுங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். வலியே இல்லையே, எதற்கு வீணாக என்று ஆட்டோ பிடித்து வந்து படுத்துவிட்டேன். ஏழு மணிக்கு மரப்பு விட்டது. ஒட்டிய இடத்தில் லேசான இழுப்பு, அவ்வளவுதான். ஆனால் அண்ணம்! கொதிக்கிற பாயசத்தை வாயில் ஊற்றி, வெந்த தோலை நாக்கால் தடவிக்கொண்டே இருக்கிற மாதிரி, நாக்கோ சொன்ன பேச்சு கேட்காமல் அங்கேயே போய் நிற்கிறது. மாத்திரை வேலை செய்ய முக்கால் மணி நேரம். மறுநாளிலிருந்து வலி வருகிறதா என்று பார்க்கவே இல்லை, எழுதிக் கொடுத்த நேரத்துக்கு டாண் என்று போட்டேன்.

மூன்றாம் நாள் தாடை வீங்கியது. நாலாம் நாள் உதட்டை இழுத்துப் பிடித்துச் செல்போனில் படம் எடுத்தால் ஒட்டிய துண்டு வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. அழுகிவிட்டது என்றே முடிவு செய்து டாக்டருக்குப் போன் பண்ணினேன். வெளுத்ததற்கு அவர் பதறவில்லை, மேல்தோல் உரிகிறது, அடியில் சிவப்பு வரும் என்றார். உதட்டை இழுத்ததற்குத்தான் நல்ல திட்டு. எடுத்து வைத்த துண்டுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாதாம். முதல் இரண்டு மூன்று நாள் அடியில் கசிகிற நீரைக் குடித்துத்தான் பிழைக்கும், அப்புறம்தான் நுண்ணிய ரத்தக் குழாய்கள் உள்ளே வந்து சேரும், அதற்குள் அசைத்தால் நாற்றைப் பிடுங்கிப் பார்த்த கதைதான். ஸ்ட்ரா வேண்டாம், காறித் துப்ப வேண்டாம், அங்கே பிரஷ் வேண்டாம் என்றெல்லாம் சொன்னது எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது.

சாப்பாடு. தயிர்சாதம்தானே, நமக்கென்ன கஷ்டம் என்று நினைத்திருந்தேன். வீட்டில் வழக்கம்போலத் தாளித்துவிட்டார்கள், ஒரு கடுகு போய்த் தையலில் உட்கார்ந்துகொண்டது. விரலும் வைக்கக் கூடாது, கொப்பளிக்கவும் கூடாது, வாயில் தண்ணீரை வைத்துத் தலையை மட்டும் சாய்த்துச் சாய்த்து வெளியே எடுக்க அரை மணி நேரம். அன்றிலிருந்து தாளிப்பு இல்லாமல் மிக்ஸியில் அடித்த சாதம், ஆறிய ராகிக் கூழ், குழைந்த பாசிப்பருப்பு. ஐந்தாம் நாள் ஆசைப்பட்டு இட்லியைச் சாம்பாரில் தொட்டேன். வேண்டாம், அதை எழுதவில்லை.

பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். அண்ணம் முழுசாக மூட மூன்று வாரம் ஆனது.

* * *

சார், என் வீட்டுக்காரருக்குப் போன வருஷம் செய்தார்கள். சர்க்கரை இருக்கிறது, மூன்று மாத சராசரி குறைந்தால்தான் கை வைப்பேன் என்று டாக்டர் தள்ளிப் போட்டுவிட்டார். எங்களுக்கு வலியைவிட ராத்திரி ரத்தம்தான் பயம். இரண்டாம் நாள் விடியற்காலை தலையணை எல்லாம் சிவப்பு. நனைத்த காஸ் துணியை அண்ணத்தில் வைத்து, நிமிர்ந்து உட்கார வைத்து இருபது நிமிஷம் நடுவில் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடித்தோம், நின்றது. நிற்காவிட்டால் உடனே வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். எச்சிலில் கலந்தால் துளி ரத்தமும் சொம்பு ரத்தம் மாதிரி தெரியும் என்பது அப்புறம்தான் புரிந்தது. இன்னொன்று, டாக்டர் கொடுத்த குளோர்ஹெக்சிடின் என்கிற கிருமிநாசினி மவுத்வாஷ் பல்லைப் பழுப்பாக்கும், நாக்கில் ருசியும் போய்விடும். காபி போட்டுக் கொடுத்தால் கஷாயமா என்றார். க்ளீனிங்கில் கறை போய்விட்டது.

* * *

உங்களுக்கு அண்ணத்துக்குத் தகடு கொடுக்கவில்லையா? எனக்கு முன்கூட்டியே அளவெடுத்து அக்ரிலிக்கில் செய்து மாட்டிவிட்டார்கள், பல்செட்டு தகடு மாதிரியே. நாக்கும் சோறும் புண்ணில் படாது. பேசும்போது கொஞ்சம் கொழகொழ என்று வரும், அவ்வளவுதான். எனக்கு வலி மாத்திரை மூன்று நாளோடு நின்றது.

* * *

தகடா? எனக்கு யாருமே சொல்லவில்லையே. மேல் கோரைப்பல்லுக்கும் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதற்கு முதலில் இதைத்தான் கேட்கப் போகிறேன். ஆபரேஷனுக்கு அப்புறம் பேச முடிந்ததா என்று கேட்ட தம்பிக்கு: நான் வாத்தியார், ஏழாம் நாள் பள்ளிக்குப் போனேன். கரும்பலகையில் எழுதிப் போட்டே இரண்டு நாள் ஓட்டினேன். பையன்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.