52-ஆவது வளைவில் நிற்கும் வண்டி

மிளகுக்கொடி எழுதியது:

காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு வந்தவர்களுக்குத் தெரியும், வளைவுக்கு வளைவு எண் எழுதி வைத்திருப்பார்கள். எங்கள் ஜீப் 52-இல் நிற்கும். ஏறும்போது மட்டும்தான். இறங்கும்போது அதற்கு ஒரு குறையும் கிடையாது.

டீசல் வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும். வயது நாற்பதை நெருங்குகிறது. எந்த நிறுவனத்துடையது என்று எழுதப்போவதில்லை. இந்த வயதில் மூட்டு வலிக்கிறதென்றால் பெற்றவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் வைத்திருந்து கைமாற்றிய வண்டி அது. காபியும் மிளகும் மூட்டையாக இறக்குவதற்காக அப்பா வாங்கினார். தோட்டத்திலிருந்து தார்ச்சாலை வரைக்கும் இரண்டு கிலோமீட்டர் செம்மண் பாதை. மழை விழுந்தால் பலாச்சுளையின் மேல் நடப்பது போலிருக்கும். அதில் வேறு எந்த வண்டியும் வராது. இது வரும். வருவதா வேண்டாமா என்பதை மட்டும் அதுதான் முடிவு செய்யும்.

டீசல் முள் எப்போதும் நிறைந்தே காட்டும். அட்சயபாத்திரம். மூங்கில் குச்சியில் கோடு போட்டு, டேங்குக்குள் விட்டு அளந்துகொள்கிறோம். மழைநீர் முன்கண்ணாடி இணைப்பு வழியாக இறங்கி, ஓட்டுகிறவரின் இடது முழங்காலில் மட்டும் சொட்டும். ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுக்க ஒடித்தால் ஹாரன் தானாக அடிக்கும். உள்ளே எங்கோ வயர் உரசுகிறது. சரிசெய்யவில்லை. வளைவில் ஒலி எழுப்பச் சொல்லி நெடுஞ்சாலைத் துறை பலகை வைத்திருக்கிறது. அதை இந்த மலையில் ஒழுங்காக மதிக்கிற ஒரே வண்டி எங்களுடையதுதான்.

52-க்கு வருகிறேன். நாற்பதைத் தாண்டியதும் இன்ஜின் சத்தம் லேசாக மாறும். பேசிக்கொண்டிருக்கிறவர் நடுவில் எச்சில் விழுங்குவது போன்ற ஓர் இடைவெளி. அப்புறம் ஐம்பது வரை ஒன்றுமிருக்காது. 51-இல் இருமல். 52-இல், வளைவின் பாதியில், வால் பக்கம் கீழே தொங்கும்படி நின்றுவிடும். உடனே தம்பி குதித்துப் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பான். நான் பானட்டைத் திறந்து ஃபில்டர் மேலிருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, கை பம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருப்பேன். முதலில் நுரை வரும். நுரை அடங்கிச் சுத்தமான டீசல் வழிந்ததும் போல்ட்டை இறுக்கினால் டீசல் குழாயில் புகுந்த காற்று போய்விட்டது என்று அர்த்தம். பத்து நிமிட வேலை. கையில் டீசல் வாசம் இரண்டு நாளைக்கு இருக்கும், தயிர்ச்சோறு வரைக்கும்.

அம்மா அங்கே முனி இருக்கிறது என்றார். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டோம், தேங்காய் உடைத்தோம். கடைசிப் பஸ்ஸின் நடத்துநர் எங்களைத் தாண்டும்போது படியில் நின்றபடியே, "அண்ணா, இன்றைக்குப் பூசை முடிந்ததா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அன்னாசி ஏற்றிக்கொண்டு இறங்கும் லாரிக்காரர்கள் நிறுத்திப் பழம் நறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வளைவில் எனக்குக் கிடைத்த பழக்கம், ஊரில் இருபது ஆண்டு இருந்தும் கிடைத்ததில்லை.

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வேறு ஒரு கசிவுக்காகச் சேந்தமங்கலத்தில் ஒரு பட்டறையில் டேங்கையே இறக்கினார்கள். உள்ளே டீசலை உறிஞ்சும் குழாயில், பாதி உயரத்தில், குண்டூசி முனையளவு துரு ஓட்டை. டேங்க் பாதிக்குமேல் நிறைந்திருக்கும்வரை ஓட்டை டீசலுக்குள் மூழ்கியிருக்கும். பாதிக்குக் கீழே இறங்கி, வண்டியும் மேட்டில் சாய்ந்தால், குழாய் டீசலோடு சேர்த்துக் காற்றையும் இழுக்கும். வாரம் ஒருமுறை நாமக்கல் போய்த் திரும்பும் எங்கள் கணக்குக்கு, அந்தக் காற்று பம்பைச் சென்றடைகிற இடம் 52. பித்தளை வைத்துப் பற்றவைத்தார்கள். முனி போய்விட்டது.

அடுத்த வாரம் ஏறினேன். 51-இல் இருமவில்லை. 52, 53, 54. தம்பி கல்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறான். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. எதற்கென்று அவனிடம் சொல்ல முடியவில்லை. இப்போதும் 52-இல் நிறுத்துகிறேன். தண்ணீர் குடிக்க என்று சொல்லிக்கொள்வது.

ஆனாலும் சும்மா இருக்கிற வண்டி இல்லை. பின்பக்கம் மெயின் பிளேட் உடைந்தது, கிராஸ் ஜாயிண்ட் போனது, ரேடியேட்டர் இரண்டு முறை. போன ஆண்டு மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தபோது விற்றுவிட முடிவு செய்தோம். பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். வார இறுதிகளில் காட்டுப் பாதைகளில் ஓட்ட இந்த மாதிரிப் பழைய வண்டிதான் வேண்டுமாம். நல்ல விலை சொன்னார். சாவியைக் கொடுத்தேன். ஸ்டார்டர் நன்றாகச் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவே இல்லை. அரை மணி நேரம் பார்த்தார். பேட்டரி சோர்ந்ததும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி மாட்டினேன், ஒரே சுற்றில் கிளம்பியது. வண்டிக்கு மனசு உண்டு என்று இனி யார் மறுத்தாலும் நான் கேட்க மாட்டேன்.

சிரித்து மயக்கி, கிட்ட வந்தவனை முடித்துவிடும் கொல்லிப்பாவை எங்கள் மலைக்காட்டில்தான் இருக்கிறாள் என்று பழங்கதை. காட்டுக்குள் தேடவேண்டியதில்லை, கொட்டகையில் நிற்கிறாள் என்பது என் மனைவியின் கருத்து. உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது நிற்கிறதா? எழுதுங்கள்.

தேனிக்காரன் எழுதியது:

என்னிடம் வண்டி இல்லை, ஏறியவன் மட்டும்தான். கொழுக்குமலை எங்கள் தேனி மாவட்டத்தில் இருக்கிறது; ஆனால் சக்கரத்தில் போக வேண்டுமென்றால் போடிமெட்டு ஏறி, கேரளத்துக்குள் நுழைந்து, சூரியநெல்லியில் ஜீப் பிடிக்க வேண்டும். நம் ஊருக்கு அடுத்த மாநிலம் வழியாகப் போகிற கூத்து. விடிவதைப் பார்க்க இருட்டிலேயே கிளம்பினோம், ஆறு பேர்.

அந்த ஜீப்பின் கதவு தேங்காய் நார்க் கயிற்றில் கட்டியிருந்தது. பாதை என்று அங்கே எதுவும் கிடையாது, பாறைகளை ஓடவிட்டு நடுவில் நிறுத்தி வைத்தது போல் இருக்கும். பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. ஓட்டுநர் பதறவில்லை, இறங்கவும் இல்லை. விளக்கை அணைத்துவிட்டு, "மூச்சு வாங்குகிறது, விடுங்கள்" என்றார். சென்னையிலிருந்து வந்திருந்த என் நண்பருக்குப் பொறுமை இல்லை. "இந்த ஓட்டை வண்டிக்கா இவ்வளவு பணம்?" என்றார். ஓட்டுநர் பதில் சொல்லவில்லை. உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிட்டது. கீழே மேகம் பால் பொங்கியது போல் கிடந்ததை ஜீப்பின் மூக்கில் சாய்ந்தபடி பார்த்தோம், அதில் குறை ஒன்றுமில்லை.

இறங்கும்போது யார் எங்கே உட்கார வேண்டும் என்று அவரே சொன்னார். நண்பருக்குக் கிடைத்தது பின்பக்கம் கடைசி இடம், சரியாகப் பட்டை ஸ்பிரிங்குக்கு மேலே. ஒவ்வொரு பாறையையும் அவர் தனித்தனியாக அறிந்துகொண்டார். சூரியநெல்லி வந்ததும் ஓட்டுநர் என்னைப் பார்த்து ஒருமுறை கண்ணைச் சுருக்கினார். அவ்வளவுதான்.

நாற்பது வளைவு எழுதியது:

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் யாராவது ஒருவர் இதையும் சொல்லியாக வேண்டும்.

நான் வால்பாறை. ஆழியாறிலிருந்து எங்களுக்கு 40 வளைவு. என்னிடமும் இப்படியொரு கிழம் இருந்தது. அதன் பிரேக்கை இரண்டு முறை மிதித்தால்தான் பிடிக்கும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதைப் பெருமையாகச் சொல்வேன், "முதல் மிதி அதைக் கூப்பிட, இரண்டாவது மிதி வேலை சொல்ல" என்று. எல்லோரும் சிரிப்பார்கள். ஒருநாள் அம்மாவைப் பொள்ளாச்சியில் கண் மருத்துவரிடம் காட்ட அழைத்துக்கொண்டு இறங்கினேன். ஒரு வளைவுக்கு முன்னால் இரண்டு மிதித்தேன், மூன்று மிதித்தேன். பெடல் தரையில் போய் உட்கார்ந்துவிட்டது. கியரைக் குறைத்து, மலைப் பக்கத்து மண்சுவரில் உரசி நிறுத்தினேன். அம்மாவின் நெற்றியில் இரண்டு தையல். மறுபக்கம் திருப்பியிருந்தால் இதை எழுத நான் இல்லை.

குறையைக் குணம் என்று சொல்லப் பழகிவிடுகிறோம். மிளகுக்கொடி அவர்களே, தானாக அடிக்கும் ஹாரன் இருக்கட்டும். பிரேக் எப்படி இருக்கிறது என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை, கவனித்தீர்களா?

என் வண்டி இரும்பு விலைக்குப் போயிற்று. லாரியில் ஏற்றியபோது வீட்டுக்குள் போய்விட்டேன், உண்மைதான். அதற்காக விற்றது தவறு என்று ஆகாது.

பழைய ஸ்பேனர் எழுதியது:

பட்டறையில் முப்பது ஆண்டு இருந்தவன். வால்பாறை நண்பர் சொல்வது சரி. பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் இணைப்புதான். ஒரு சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்து பிரேக் எண்ணெய் போனால் நான்கும் போச்சு. பின்னாளில் வந்த வண்டிகளில் இரண்டாகப் பிரித்தது இதற்காகத்தான். முதல் மிதிக்குப் பிடிக்கவில்லை என்றாலே சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.

இந்த வண்டிகளின் பூட்டன் 1941-இல் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்தது. 60 குதிரைத்திறன்தான். போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேல் செய்துவிட்டார்கள். பிறகு அதையே உழவர்களிடம் விற்றார்கள், நம் நாட்டிலும் உரிமம் வாங்கிச் செய்தார்கள். பானட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்காரவைக்கலாம், அவ்வளவு இடம். பாசம் வருவது அதனால்தான் என்பது என் எண்ணம். புது வண்டியில் மஞ்சள் விளக்கு எரியும், எதற்கு எரிகிறது என்று கம்ப்யூட்டர் மாட்டினால்தான் தெரியும். அதன் மேல் யாருக்குக் கோபம் வரும், யாருக்கு அன்பு வரும்?

மிளகுக்கொடி தம்பிக்கு ஒரு கேள்வி. பெங்களூர்க்காரர் கதையில் ஒன்று இடிக்கிறது. ஸ்டார்டர் நன்றாகச் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. மாலையில் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றியதைத் தவிர ஒன்றும் செய்யாமலே கிளம்பியது. அந்த ரக டீசல் வண்டியை அணைக்க ஒரு குமிழை வெளியே இழுப்பார்கள், பம்புக்குப் போகும் டீசல் நின்றுவிடும். குமிழ் திரும்ப உள்ளே போகாமல் இருந்தால் நாள் முழுக்கச் சுற்றினாலும் கிளம்பாது. அன்றைக்கு அந்தக் குமிழ் எங்கே இருந்தது?

மிளகுக்கொடி எழுதியது:

ஐயா, உங்களிடம் மறைக்க முடியாது என்று தெரிந்திருந்தால் அந்தப் பத்தியை எழுதியே இருக்க மாட்டேன்.

வெளியே இருந்தது. எங்கள் வண்டியில் அந்தக் கேபிள் துருப்பிடித்துப் பல காலமாயிற்று. அணைத்த பிறகு குமிழைக் கால்வாசி திருப்பி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால்தான் உள்ளே போகும். இது எனக்கும் தம்பிக்கும் தெரியும். அவருக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். அவர் உட்கார்ந்து சாவியைத் திருப்பியபோது வாய் வரைக்கும் வந்தது. முதல் முறை சொல்லாமல் விட்டுவிட்டேன், இரண்டாம் முறைக்குள் சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். "பேட்டரி பழையது" என்று வேறு சொன்னேன். தம்பி கிணற்றடிப் பக்கம் போய்விட்டான். கட்டணம் கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் வாங்கிக் கட்டினோம். மனைவியின் வளையல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. எனவே வண்டிக்கு மனசு உண்டு என்று நான் எழுதியதை விட்டுவிடுங்கள்.

மனைவி இதையெல்லாம் படித்துவிட்டாள். மகள்தான் காட்டியிருக்கிறாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அந்தப் பெங்களூர்க்காரர் எண் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றேன். கொடுங்கள் என்று கேட்கவில்லை. அழித்துவிடுங்கள் என்றும் சொல்லவில்லை.

வால்பாறை நண்பருக்கு: நேற்று உங்கள் பதிலைப் படித்துவிட்டுக் கொட்டகைக்குப் போய் மிதித்துப் பார்த்தேன். ஒன்றரை மிதி. புதன்கிழமை காலையில் சேந்தமங்கலம் போகிறேன், வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் மாற்ற. தம்பியின் மொபெட் முன்னால் போகும், 70 வளைவும் கீழ்க் கியரில்.