எபாக்ஸி தளம் போட நம்பிக்கையான ஆளை எப்படிப் பிடிப்பது?

பனியன் யூனிட், பெருமாநல்லூர் ரோடு

வணக்கமுங்க. திருப்பூரில் சின்ன யூனிட் வைத்திருக்கிறோம். செக்கிங், அயர்னிங், பேக்கிங் நடக்கிற ஹால் மட்டும் 1,800 சதுரடி. பழைய சிமென்ட் தளம், தினமும் இரண்டு தடவை கூட்டினாலும் சாம்பல் மாதிரி பொடி கிளம்பிக்கொண்டே இருக்கிறது. வெள்ளை பீஸ் ஒன்று கை தவறிக் கீழே விழுந்தால் போதும், மறுபடி வாஷிங்குக்கு அனுப்ப வேண்டியதுதான். பையர் ஆடிட்டிலும் தளத்தைப் பற்றி எழுதிவிட்டார்கள்.

அதன் மேல் எபாக்ஸி, அதாவது இரண்டு திரவத்தைக் கலந்து போட்டால் இறுகிக் கெட்டியாகும் பிளாஸ்டிக் மாதிரியான பூச்சு, போட மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். சதுரடிக்கு ஒருவர் 38 ரூபாய், ஒருவர் 65, கோயமுத்தூரிலிருந்து வந்தவர் 95. மூன்று காகிதத்திலும் ‘எபாக்ஸி ஃப்ளோரிங்’ என்ற ஒரே வார்த்தைதான் இருக்கிறது. 38 சொன்னவர் நேரில் வரவே இல்லை, வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பச் சொன்னார், மூன்று நாளில் முடித்துக் கொடுத்துவிடுகிறேன் என்கிறார். அப்பா அவருக்கே கொடுத்துவிடு என்கிறார். பக்கத்து யூனிட்டில் போட்ட தளம் ஆறே மாதத்தில் ஏடு ஏடாகக் கிளம்பியதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஒப்பவில்லை. போட்டு அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்க.

குறிச்சி மெஷின் ஷாப்

தம்பி, நான் ஒரு தடவை ஏமாந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். எங்களுடையது பம்ப் பாகங்கள் கடைசல் செய்யும் பட்டறை, தளம் முழுக்க வருஷக்கணக்கில் ஆயில் குடித்திருந்தது. முதலில் வந்த கான்ட்ராக்டர் ஆசிட் ஊற்றிக் கழுவி, காய்ந்தும் காயாமலும் இருக்கும்போதே பிரைமர் என்கிற முதல் பூச்சை அடித்துவிட்டார். போட்ட அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒன்பதாவது மாதம் ட்ராலி சக்கரம் போகிற தடத்தில் உரிய ஆரம்பித்தது. உரிந்த துண்டு ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன், அடிப்பக்கம் பூராவும் சிமென்ட் பொடி அப்பியிருந்தது. எபாக்ஸி நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, ஆனால் அது பிடித்தது வலுவில்லாத மேல்தோலை. அந்தத் தோல்தான் தளத்தை விட்டு வந்துவிட்டது. டைமண்ட் கிரைண்டர் போட்டு அந்தத் தோலைச் சீவி, வேக்குவம் வைத்துப் பொடியை இழுத்திருந்தால் எனக்கு அந்த நஷ்டம் இல்லை.

இரண்டாவது வந்தவர் விலையே பேசவில்லை. சுத்தியலால் அங்கங்கே தட்டி எங்கே பொள்ளையாகச் சத்தம் வருகிறது என்று கேட்டார். தளத்தில் தண்ணீர் தெளித்து உள்ளே இழுக்கிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்த்தார். தளம் எப்போது போட்டது, அடியில் பாலிதீன் விரித்தீர்களா என்று விசாரித்தார். அப்புறம் பதினெட்டு அங்குலச் சதுரத்தில் பிளாஸ்டிக் ஷீட் வெட்டி நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார். குறைந்தது பதினாறு மணி நேரம் ஒட்டியிருக்க வேண்டும், பிரிக்கும்போது அடியில் நீர்த்துளி இருந்தாலோ தளம் கறுத்திருந்தாலோ ஈரம் கீழிருந்து ஏறுகிறது என்று அர்த்தம். அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த சரக்கைப் போட்டாலும் கொப்புளம் கட்டும். இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விலை சொல்கிறவருக்கு நான் வேலை கொடுக்க மாட்டேன்.

பெருந்துறை அப்ளிகேட்டர்

நான் இந்த வேலையே செய்கிறவன். 38 ரூபாய்க்காரர் ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவு கட்டிவிடாதீங்க, அவர் சொல்வது ரோலர் கோட்டிங்காக இருக்கும். அது 300 மைக்ரான், அதாவது 0.3 மில்லிமீட்டர் வாக்கில் வரும். 95 சொன்னவர் அநேகமாக 2 மில்லிமீட்டர் செல்ஃப் லெவலிங், அதாவது ஊற்றினால் தானே பரவிச் சமமாகிற வகை, சொல்லியிருப்பார். இரண்டும் எபாக்ஸிதான், ஆனால் ஒன்று பெயின்ட் மாதிரி, இன்னொன்று தளம் மாதிரி. மூன்று பேரிடமும் எத்தனை மைக்ரான், எத்தனை மில்லிமீட்டர், கிரைண்டிங் சேர்த்தா என்று எழுதி வாங்குங்க. கைட்ராலி மட்டும் ஓடுகிற பேக்கிங் ஹாலுக்கு 2 மில்லிமீட்டர் கட்டாயம் இல்லை, கிரைண்டிங்தான் கட்டாயம்.

கணக்கு ஒன்று சொல்கிறேன், வேலை நடக்கும்போது உதவும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் கனம் வர ஒரு லிட்டர் சரக்கு வேண்டும். உங்கள் 1,800 சதுரடி என்பது 167 சதுர மீட்டர். 2 மில்லிமீட்டர் என்றால் 334 லிட்டர், 300 மைக்ரான் என்றால் 50 லிட்டர் மட்டும்தான், அதுவும் தின்னர் இல்லாத சரக்குக்கு. இறங்குகிற டப்பாவை எண்ணுங்க, சீல் உங்கள் முன்னால் உடையட்டும், பேட்ச் நம்பரையும் தயாரித்த தேதியையும் போட்டோ எடுத்து வையுங்க. ரெசினும் அதை இறுக வைக்கிற ஹார்டனரும் கம்பெனி சொன்ன அளவில் முழு டப்பாவாகக் கலக்க வேண்டும். கண் அளவில் பாதிப் பாதியாகக் கலந்தால் அங்கங்கே பிசுபிசுவென்று காயாமலே கிடக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் கலந்த வாளி சீக்கிரமே சூடேறி இறுகிவிடும். அந்த நேரத்தில் தின்னர் ஊற்றி இளக்கி ஓட்டுகிற ஆள் இருந்தால் வேலையை நிறுத்துங்க.

கரூர் ஹோம் டெக்ஸ்டைல்

புதிதாகப் போட்ட இடத்தைக் காட்டுகிறேன் என்பார்கள், நம்பாதீங்க, முதல் நாள் எல்லாத் தளமும் பளபளக்கும். இரண்டு வருஷம் ஓடிய தளத்தைக் கேட்டு நேரில் போங்க, முதலாளியிடம் பேசுவதைவிட அங்கே கூட்டுகிற அக்காவிடம் பேசினால் உண்மை தெரியும். சிமென்ட் தளத்தில் ஜாயின்ட் கோடு இருக்கிற இடத்தில் மேலே மூடி ஓட்டிவிட்டார்களா, வெட்டி சீலன்ட் என்கிற ரப்பர் மாதிரி பசை வைத்தார்களா என்று பாருங்க. மூடினால் அதே கோட்டில் விரிசல் விடும். ஷட்டர் பக்கம் வெயில் விழுமானால் எபாக்ஸி மஞ்சளாகும், அந்தப் பகுதிக்கு மேலே பாலியூரித்தேன் பூச்சு கேளுங்க.

மூன்று நாளில் முடியும் என்பது நடக்கவே நடக்கலாம், ஆனால் பொதுவாகத் தளம் முழு வலுவுக்கு வர ஏழு நாள் ஆகும். தீபாவளி லீவில் போடலாம் என்று தோன்றும், அது ஐப்பசி மழை. பொங்கல் லீவுக்குத் திட்டமிடுங்க. பணத்தில் பத்து சதவீதமாவது இரண்டு மாதம் பிடித்து வையுங்க, அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்க.

பனியன் யூனிட், பெருமாநல்லூர் ரோடு

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றிங்க. நேற்று சாயங்காலம் நாலு இடத்தில் ஷீட் ஒட்டினேன். இன்றைக்குக் காலையில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பிரித்தேன். மூன்று இடம் காய்ந்திருந்தது. பாத்ரூம் சுவரை ஒட்டி ஒட்டியதில் மட்டும் இட்லித் தட்டு மூடியில் நிற்கிற மாதிரி துளித்துளியாகத் தண்ணீர். அப்பா விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, முதலில் பிளம்பரைக் கூப்பிடு என்றார்.

மூன்று பேருக்கும் போன் போட்டேன். 38 சொன்னவர் அதெல்லாம் பிரைமரிலேயே அடங்கிவிடும் என்றார். 95 சொன்னவர் ஈரத்தைச் சரி செய்த பிறகு பேசலாம் என்றார். 65 சொன்னவர் அதையேதான் சொன்னார், கூடவே 1 மில்லிமீட்டர், கிரைண்டிங் சேர்த்து என்று எழுதியும் அனுப்பிவிட்டார். அவர் போட்ட பழைய தளம் ஒன்று அவிநாசியில் இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன். பைப் வேலை முடிந்ததும் அதே இடத்தில் மறுபடி ஷீட் ஒட்டுவேன், அது காய்ந்து வந்தால்தான் அட்வான்ஸ்.