தேசிய தின ஒத்திகை வாணவேடிக்கை நெருங்குகிறது: எங்கள் நாய் மிளகை எப்படித் தேற்றுவது?

காலாங் ஆற்றோரம்:
வணக்கம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் 14ஆம் மாடியில் இருக்கிறோம். வீவக வீடுகளில் நாய்களைத் தத்தெடுக்க உதவும் அடோர் திட்டத்தில் தத்தெடுத்த 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' (உள்ளூர்க் கலப்பின) நாய், பெயர் மிளகு, வயது நான்கு. சென்ற தேசிய தினத்தன்று முதல் வெடி கேட்டதுமே சலவை இயந்திரத்தின் பின்னால் புகுந்துவிட்டாள். வெளியே வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. நகம் பிய்ந்து தரையெல்லாம் இரத்தம். தேற்றினால் பயம் கூடும் என்று ஒருவர் சொன்னதை நம்பி, நானும் மனைவியும் தள்ளியே நின்றோம். நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது. ஆகஸ்ட் 9 மட்டும் என்றால் வேறெங்காவது அழைத்துப் போகலாம். அதற்கு முந்தைய சனிக்கிழமைகளிலும் ஒத்திகைக்காக வெடிக்கிறதே!

பெண்டமியர் அக்கா:
தம்பி, தேற்றினால் பயம் வளரும் என்பது தவறு. அவளாக வந்து ஒட்டிக்கொண்டால் அணைத்துக்கொள்ளுங்கள். ஒளிந்துகொண்டால் இழுக்காதீர்கள். இங்கே 1972இலிருந்து பட்டாசுக்குத் தடை. ஆண்டெல்லாம் கேட்காத சத்தம் திடீரென்று கட்டடங்களில் மோதி எதிரொலித்தால் அந்த ஜீவன் என்ன செய்யும்?

எங்கள் நாய் 13 ஆண்டுகள் எங்களோடு இருந்தான். அவனுக்குக் கைகொடுத்தது வீட்டிலுள்ள பாம் ஷெல்டர்தான், அதாவது குண்டுவீச்சின்போது ஒதுங்குவதற்கான பாதுகாப்பு அறை. தடித்த கான்கிரீட் சுவர், சன்னல் கிடையாது. மின்னும் வெளிச்சம் தெரியாது, சத்தமும் மங்கிவிடும். அரிசி மூட்டை, பழைய பெட்டி எல்லாவற்றையும் மே மாதமே வெளியேற்றிவிடுவேன். உள்ளே அவன் மெத்தை, என் பழைய கைலி, ஒரு மின்விசிறி. இரும்புக் கதவை மட்டும் சாத்தவே கூடாது. இந்தப் புழுக்கத்தில் காற்று போதாது. இப்போதிருந்தே சாப்பாட்டை அங்கே வையுங்கள். வெடிக்கும் நாளில் மட்டும் கொண்டுபோய் விட்டால் அந்த அறையையே வெறுத்துவிடுவாள்.

அன்று மாலை ஐந்து மணிக்கே நடைக்குப் போய்வந்துவிடுங்கள். வாணவேடிக்கைக்கு முன்பே போர் விமானங்கள் பறக்கும். கழுத்துப்பட்டையோடு மார்புப்பட்டையும் போடுங்கள். மிரண்ட நாய் பின்வாங்கினால் கழுத்துப்பட்டை கழன்றுவிடும். நாயின் தோலுக்கடியில் வைத்திருக்கும் அடையாள மைக்ரோசிப்பின் பதிவில் உங்கள் இப்போதைய தொலைபேசி எண் இருக்கிறதா?

ஈசூன் பூனைவீடு:
2024 செப்டம்பரில் வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வந்தபின் புதிதாக வளர்ப்பவர்கள் பலர். சன்னலுக்கு வலை அடியுங்கள். மிரண்ட பூனை கம்பி இடைவெளியில் நுழைந்து விழுந்துவிடும். வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு.

தெம்பனீஸ் வாசி:
அக்கா சொன்னது சரி. ஆனால் நகம் பிய்யும் அளவுக்குப் பயந்தவளுக்கு அறை மட்டும் போதாது. கால்நடை மருத்துவரிடம் டிராசோடோன், காபாபென்டின் என்ற பயம் தணிக்கும் மருந்துகளைப் பற்றிக் கேளுங்கள். வெடி தொடங்குமுன் மருந்து உள்ளே போயிருக்க வேண்டும். அவள் நடுங்கத் தொடங்கியபின் கொடுத்தால் அவ்வளவாகப் பயன் இராது. மருத்துவர் சொல்லும் அளவை முதலில் ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்படிக் கொடுத்துப் பார்த்ததால்தான், அந்த அளவு அதிகம் என்பது முன்பே தெரிந்தது.

காலாங் ஆற்றோரம்:
அக்கா, எல்லாருக்கும் நன்றி. மருத்துவரைப் பார்க்க செவ்வாய்க்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது. இன்று காலை ஷெல்டரைக் காலி செய்தோம். மிளகு வாசலிலேயே நெடுநேரம் மோந்துகொண்டு நின்றாள். பிறகு ஒரு காலை மட்டும் உள்ளே வைத்து, கோழித்துண்டைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டாள்.